சட்டம் பாடிய கேசாதிபாதம்

1990ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு பட்டியல் போட்டது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை அங்கே மெடிக்கெய்ட் என்கிறார்கள். அந்தக் காப்பீட்டில் எந்தெந்த மருந்துகளுக்கு மாநில அரசுகள் பணம் தர மறுக்கலாம் என்பதற்கான பட்டியல் அது. பசியின்மைக்கோ எடை குறைப்பதற்கோ எடை கூட்டுவதற்கோ தரப்படும் மருந்துகள். கருத்தரிப்பதற்கான மருந்துகள். அழகுக்காகவும் முடி வளர்வதற்காகவும் தரப்படுபவை. இருமல், சளிக்கான மருந்துகள். புகைப்பழக்கத்தை விடுவதற்கான மருந்துகள். வைட்டமின்கள். வைட்டமினில் மட்டும் ஒரு விதிவிலக்கு: கர்ப்பிணிகளுக்கான வைட்டமினை மறுக்கக் கூடாது. (பல்லுக்கான ஃப்ளோரைடும் அந்த விதிவிலக்கில் சேர்ந்துகொண்டது.) பட்டியல் பதற்றத்துக்கான மாத்திரை, தூக்க மாத்திரை என்று இன்னும் சற்று நீளும்.

தமிழ் இலக்கியம் படித்த ஒருத்திக்கு இந்தப் பட்டியல் அந்நியமாகத் தோன்றாது. நம் மரபில் கேசாதிபாதம் என்றொரு பாடல் வகை இருக்கிறது. கூந்தலில் தொடங்கிப் பாதம்வரை ஒவ்வோர் உறுப்பாக எடுத்து வருணித்துக்கொண்டே போவது. இறைவனையும் அப்படிப் பாடுவார்கள்தான். ஆனால் பெண்ணைப் பாடும்போது அது ஒரு கணக்கெடுப்பாக மாறிவிடுகிறது. எது போதாது, எது மிகை என்பதை வேறொருவர் தீர்மானிக்கிறார். பாடப்படுகிறவள் வாய் திறப்பதில்லை. அமெரிக்கப் பட்டியலும் வயிறு, கருப்பை, கூந்தல் என்றுதான் நகர்கிறது. இவையெல்லாம் விருப்பத்தைச் சேர்ந்தவை, நோயைச் சேர்ந்தவை அல்ல என்பது அதன் துணிபு. எடை குறைய வேண்டும் என்பது விருப்பம். பிள்ளை வேண்டும் என்பது விருப்பம். பிள்ளை வயிற்றில் தங்கிவிட்டால் மட்டும் அரசுப் பணத்தில் வைட்டமின். அந்த வரிகளில் ‘பெண்’ என்ற சொல் கிடையாது. தேவைப்படவில்லை.

இந்தப் பட்டியலை ஏன் இப்போது எடுத்துப் படிக்க வேண்டும்? 2003இல் மூத்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான மெடிகேர் காப்பீட்டில் மருந்துச் செலவையும் சேர்த்தபோது, இதே பட்டியலைப் பெரும்பாலும் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள். மெடிக்கெய்டில் ‘மறுக்கலாம்’ என்றிருந்தது மெடிகேரில் ‘தரக் கூடாது’ என்றாயிற்று. புகைப்பழக்கத்தை விடுவதற்கான மருந்துக்கு மட்டும் அப்போதே விலக்கு கொடுத்தார்கள். மெடிகேரில் இருப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். மெடிக்கெய்டில் இருக்கும் வயதுவந்தோரிலும் பெண்களே அதிகம். ஓசெம்பிக், வீகோவி, மௌன்ஜாரோ என்ற பெயர்கள் நம் ஊர்ச் செய்தித்தாள்வரை வந்துவிட்ட இந்தக் காலத்தில், அந்த ஊசிகள் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை நிர்ணயிப்பது 1990இல் எழுதப்பட்ட அந்த ஒரு வரி.

ஓர் இடைச்செருகல். 1998இல் வயாகரா சந்தைக்கு வந்தது. கருத்தரிப்பு மருந்து விலக்கப்பட்ட அந்தப் பட்டியலில் ஆண்மைக் குறைவுக்கான மருந்து விலக்கப்பட்டிருக்கவில்லை. அதனால் மெடிக்கெய்ட் அதற்குப் பணம் தந்தே ஆக வேண்டும் என்று மைய அரசு மாநிலங்களுக்கு அந்த ஆண்டே எழுதியது. 2005இல்தான் நாடாளுமன்றம் அதையும் விலக்கியது, அதுவும் பாலியல் குற்றவாளிகளுக்கு அரசுச் செலவில் அந்த மாத்திரை போகிறது என்ற செய்தி வெடித்த பிறகு. எழுதியவர்கள் எந்த உடலைக் கண்முன் வைத்துக்கொண்டு எழுதினார்கள் என்று கண்டுபிடிக்க இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

சட்டம் என்றால் அதற்கு உரை இருக்கும். மெடிகேரின் மருந்துக் கையேடு இந்தப் பட்டியலுக்கு எழுதப்பட்ட உரை. உரையில்தான் சுவை. ‘எடை கூட்டுவதற்கான மருந்து’ விலக்கு என்கிறது மூலம். எய்ட்ஸ் நோயாலோ நாட்பட்ட நோயாலோ உடல் உருகிப் போகிறவர்களுக்குத் தரும் மருந்தை ‘எடை கூட்டும் மருந்து’ என்று கொள்ள வேண்டாம் என்கிறது உரை. நல்லது, மனிதாபிமானமான உரை. ‘அழகுக்கான மருந்து’ விலக்கு என்கிறது மூலம். சொரியாசிஸ், முகப்பரு, வெண்புள்ளி ஆகியவற்றுக்கான மருந்து அழகு சார்ந்தது அல்ல என்கிறது உரை. அதுவும் நல்லது. ‘எடை குறைப்பதற்கான மருந்து’ என்ற இடத்துக்கு வந்ததும் உரையாசிரியரின் கை இறுகிவிடுகிறது. அழகுக்காக அல்லாமல் உயிரை வாட்டும் உடல்பருமனுக்குத் தந்தாலும் விலக்கு விலக்குதான் என்று அழுத்திச் சொல்கிறார். மெலிந்து போகும் உடலுக்கு நோய் என்ற சலுகை கிடைத்தது. பருத்த உடலுக்கு, நோய் என்றே வைத்துக்கொண்டாலும் கிடையாது.

இதே மெடிகேர் 2006 முதல், குறிப்பிட்ட எடை அளவைத் தாண்டி, அதோடு நீரிழிவு போன்ற இன்னொரு நோயும் இருப்பவர்களுக்கு இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தருகிறது. ஆக, உடல்பருமன் சிகிச்சைக்குரியது என்பதில் அரசுக்கு ஐயமில்லை. கத்திக்குக் கொடுக்கலாம், மருந்துக்குக் கூடாது. அறுத்துத் தைத்த வயிறு ஏதோ பிராயச்சித்தம் செய்துவிட்டதுபோலவும், வாரம் ஒரு ஊசியில் பசி அடங்குவது குறுக்குவழி போலவும் இதற்குள் ஓர் ஒழுக்கக் கணக்கு ஓடுகிறது. பருத்த பெண்ணை நம் வீடுகளில் எப்படிப் பார்க்கிறோமோ அதே கணக்குதான். அவள் கஷ்டப்பட்டு இளைக்க வேண்டும். கஷ்டப்படாமல் இளைத்தால் ஏமாற்றிவிட்டாள்.

இனி மருந்துக்கு வருவோம். செமாக்ளூடைட் என்பது ஒரே மூலக்கூறு. உணவு உண்டபின் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போல நடந்துகொள்வது. இன்சுலின் சுரப்பைத் தூண்டும். இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மூளையில் பசியை அடக்கும். நீரிழிவுக்கென்று 2017இல் அனுமதி பெற்றபோது அதன் பெயர் ஓசெம்பிக். எடைக்கென்று 2021இல் அனுமதி பெற்றபோது வீகோவி. டிர்செபடைடும் அப்படியே: நீரிழிவுக்கு மௌன்ஜாரோ, எடைக்கு செப்பவுண்ட். ஓசெம்பிக்குக்கு மெடிகேர் தாராளமாகவே பணம் தந்தது. ஓசெம்பிக், ரைபெல்சஸ், மௌன்ஜாரோ மூன்றுக்கும் சேர்த்து 2018இல் 5.7 கோடி டாலராக இருந்த மொத்தச் செலவு 2022இல் 570 கோடி டாலர். அரசு கஞ்சத்தனம் செய்யவில்லை. பெயரைப் பார்த்துத்தான் கையை மூடியது.

பெயர் எங்கே மாறுகிறது? மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.5 வந்தால் நீரிழிவு. 6.4 என்றால் நீரிழிவின் வாசல். 6.4 உள்ளவளுக்கு அந்த ஊசி விருப்பம், 6.5 ஆனதும் தேவை. கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து போன பெண்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அமெரிக்கப் பிரசவங்களில் ஏறத்தாழப் பத்தில் நான்குக்கு மெடிக்கெய்ட்தான் செலவழிக்கிறது. அவள் கர்ப்பத்தை அரசு கண்காணித்தது, வைட்டமின் கொடுத்தது, சர்க்கரை அளந்தது. பிரசவத்துக்குப் பின் எடை தங்கிவிட்டது, சர்க்கரை மெல்ல ஏறுகிறது. அப்போது அரசு கைகட்டிக்கொண்டு 6.5க்காகக் காத்திருக்கிறது.

காப்பீட்டின் கதவு ஒரு முறை சற்றுத் திறந்தது. அது திறந்த விதத்தைப் பார்க்க வேண்டும். எடைக்காக இந்த மருந்தைச் சோதித்த முக்கியமான ஆய்வு ஸ்டெப்-1. 1961 பேர், அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பெண்கள். 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தது. அந்த முடிவால் மெடிகேரின் கதவு அசையவில்லை. அடுத்து செலக்ட் என்ற ஆய்வு. 45 வயதைத் தாண்டிய, ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ கண்ட, எடை கூடிய, ஆனால் நீரிழிவு இல்லாத 17,604 பேர். இதில் முக்கால்வாசிக்குச் சற்றே குறைவானவர்கள் ஆண்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவை 20 விழுக்காடு குறைந்தன என்று 2023 நவம்பரில் முடிவு வந்தது. 2024 மார்ச்சில் வீகோவிக்கு இதயப் பாதுகாப்பு மருந்து என்ற அனுமதியும் கிடைத்தது. உடனே மெடிகேர், அந்தக் காரணத்துக்காக எழுதிக் கொடுத்தால் பணம் தரலாம் என்றது. ஆண்களை அதிகமாகக் கொண்ட ஆய்வு மருந்தை நோயின் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பெண்களை அதிகமாகக் கொண்ட ஆய்வு அழகின் பக்கமே நின்றுவிட்டது. யாரும் சதி செய்யவில்லை. இதய ஆய்வுகளில் ஆண்கள் அதிகம் இருப்பதும், இளைக்க வருகிறவர்களில் பெண்கள் அதிகம் இருப்பதும் நெடுநாள் வழக்கம். ஆனால் காப்பீடு அந்த வழக்கத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. முழங்கால் தேய்ந்து, மாதவிடாய் தாறுமாறாகி, மாடிப்படி ஏற முடியாமல் இருக்கிறவள் முதலில் ஒரு மாரடைப்பைக் கொண்டுவர வேண்டும்.

2024 நவம்பரில் பைடன் அரசு வேறொரு உரை எழுதிப் பார்த்தது. உடல்பருமன் ஒரு நாட்பட்ட நோய் என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே அந்த நோய்க்குத் தரும் மருந்தைச் சட்டம் சொல்லும் ‘எடை குறைப்பு’ என்று கொள்ள வேண்டியதில்லை என்பது அந்த வரைவின் வாதம். இதைப் படித்தபோது எனக்கு நச்சினார்க்கினியர் நினைவு வந்தது. எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்ச் சேர்த்து, தான் நினைத்த பொருளை வருவித்துவிடுவார் அவர். மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் அதற்காக அவரைக் கடிந்திருக்கிறார். இருந்தாலும் மூலத்தைத் திருத்த அதிகாரம் இல்லாதவன் உரையைத்தான் வளைக்க முடியும். மெடிகேரில் சுமார் 34 லட்சம் பேரும் மெடிக்கெய்டில் சுமார் 40 லட்சம் பேரும் பயன்பெறுவார்கள் என்று கணக்கிடப்பட்ட அந்த வரைவை 2025 ஏப்ரலில் அடுத்த அரசு கைவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் நிறுவனங்களோடு விலை பேசி, மெடிகேருக்கு மாதம் 245 டாலர், நோயாளியின் பங்கு 50 டாலர் என்று அறிவித்தது. மூலத்தில் அந்த 1990ஆம் ஆண்டு வரி அப்படியே இருக்க, பேரத்தால் ஒரு வழி. சட்டமாக அல்லாமல் சலுகையாக வருவதை எந்த நாளும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

எதிர்ப்பக்கத்து வாதத்தை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. வீகோவியின் பட்டியல் விலை மாதம் 1,349 டாலர். எடைக்கான மருந்துகளை மெடிகேரில் சேர்த்தால் 2026 முதல் 2034 வரை சுமார் 3,500 கோடி டாலர் கூடுதலாகச் செலவாகும் என்று நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம் மதிப்பிட்டது. வட கரோலினா மாநிலம் தன் ஊழியர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்குமான காப்பீட்டில் எடைக்கான இந்த ஊசிகளை 2024 ஏப்ரல் 1 முதல் நிறுத்தியது. கட்டுப்படியாகவில்லை என்றது. கலிஃபோர்னியா தன் மெடிக்கெய்டில் 2026 ஜனவரி 1 முதல் வயதுவந்தோருக்கு நிறுத்தியது, நீரிழிவுக்குத் தொடர்கிறது. ஓர் அரசுக்கு இருக்கும் பணத்தில் எதை முதலில் செய்வது என்ற கேள்வி உண்மையானது. ஆனால் அந்தக் கேள்வியின் இன்னொரு பாதியை நிறுவனத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். 1,349 டாலருக்கு விற்றதை 245 டாலருக்குத் தர முடியுமென்றால், இடையில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் என்ன? அதைக் கேட்காமல், வரிசையில் நிற்கும் பெண்ணைப் பார்த்து ‘உனக்கு இது அவசியமா’ என்று கேட்பது எளிது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. ஸ்டெப்-1 ஆய்வில் இருந்தவர்களில் ஒரு பகுதியினரை மருந்தை நிறுத்திய பின்னும் ஓராண்டு கவனித்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதைப் போலத்தான் இது. ஆனால் அழுத்தம் வெளியே தெரியாது, எடை தெரியும். வட கரோலினாவின் ஆசிரியை ஒருத்தியைக் கற்பனை செய்து பாருங்கள். காப்பீடு நின்ற ஆண்டில் அவள் மீண்டும் பருக்கிறாள். பள்ளியில் எவரும் காப்பீட்டு வாரியத்தின் முடிவை அவள் இடுப்பில் படிக்கப் போவதில்லை. அவளுடைய வாயைத்தான் படிப்பார்கள். பிரிவில் மெலிந்து வளை நெகிழும் சங்கப் பெண்ணின் உடலை ஊரே படித்து அலர் தூற்றியதல்லவா, அதன் மறுபக்கம் இது.

பெண்ணியத்துக்குள்ளேயே இந்த மருந்தைப் பற்றி ஒரு தகராறு இருக்கிறது. அதில் நான் எங்கே நிற்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பருத்த உடல் தன்னளவில் நோயல்ல, அதை நோயென்று பெயரிடுவதே வன்முறை என்று நெடுங்காலமாகப் போராடி வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஐயத்துக்கு வரலாறு உண்டு. 1950களிலும் 60களிலும் ஆம்ஃபெட்டமின் கலந்த வண்ண வண்ண மாத்திரைகளை விழுங்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1990களில் ஃபென்-ஃபென் என்ற கூட்டு மருந்து அலையாக அடித்தது. இதய வால்வைக் கெடுக்கிறது என்று தெரிந்து 1997 செப்டம்பரில் அதன் முக்கிய மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். இளைக்க வைக்கிறேன் என்று வந்தவன் ஒவ்வொரு முறையும் பெண்ணுடலில்தான் சோதித்துப் பார்த்தான். பிஎம்ஐ என்ற அளவுகோலின் கதையும் நன்றாக இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ‘சராசரி மனிதனை’த் தேடிய பெல்ஜிய நாட்டுக் கணக்கர் கெட்லே கண்ட வாய்பாடு அது. 1972இல் ஆன்செல் கீஸ் குழு அதற்கு இப்போதைய பெயரைச் சூட்டியது, ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துச் சொச்சம் ஆண்களை அளந்து. ஆண்களை மட்டும். அந்த எண்தான் இன்று காப்பீட்டு வாசலில் உட்கார்ந்து பெண்களை உள்ளே விடுகிறது, வெளியே தள்ளுகிறது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், மருந்து வேண்டாம் என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. உன் உடல் இருக்கிறபடியே அழகு என்று சொல்வது ஒரு விடுதலைதான். ஆனால் மூச்சு வாங்கும் ஒருத்திக்கு அதைச் சொல்லிவிட்டு நகர்வது விடுதலை அல்ல. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உடல்பருமன் உள்ளவர்கள். மருந்து காப்பீட்டில் இல்லாதபோது அது இல்லாமல் போய்விடவில்லை; கையிலிருந்து ஆயிரம் டாலர் கொடுக்கக் கூடியவர்களிடம் போய்ச் சேர்ந்தது. சிவப்புக் கம்பளத்தில் நடிகைகள் மேலும் மெலிந்தார்கள். ‘எடை குறைப்பு அழகுக்கானது’ என்ற சட்ட வரி, அதை உண்மையாகவே அழகுக்கானதாக ஆக்கிக் காட்டியது. அரசுக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். உடல்பருமனை ஒழிக்க அல்ல. மருத்துவரும் அவளும் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவைப் பணப்பையும் பழைய பட்டியலும் எடுக்கக் கூடாது என்பதற்காக.

அந்தப் பேச்சு நடக்க வேண்டிய அவசியமும் இருக்கிறது. கருத்தரிக்கத் திட்டமிட்டால் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்பே வீகோவியை நிறுத்திவிட வேண்டும் என்கிறது அதன் குறிப்பேடு. டிர்செபடைட் எடுக்கும்போது கருத்தடை மாத்திரையின் வலு குறையலாம். தொடங்கிய நான்கு வாரமும் அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறை நான்கு வாரமும் வேறு பாதுகாப்பு வேண்டும். பெண்களே அதிகம் எடுக்கும் மருந்தில் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இது. காப்பீடு வழியாக, மருத்துவர் வழியாக வந்தால் இதைச் சொல்ல ஒருவர் இருப்பார். கடை வழியாக, இணையம் வழியாக வந்தால் இருக்க மாட்டார்.

நமக்கு இதில் என்ன? 2025இல் மௌன்ஜாரோவும் வீகோவியும் இந்தியாவுக்கு வந்தன. செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிகிறது. நம் நிறுவனங்களின் மலிவான வடிவங்கள் வரிசையில் நிற்கின்றன. விலை இறங்கும், விளம்பரம் ஏறும். சென்ற பருவத்தில் என் மாணவி ஒருத்தி, சினைப்பை நீர்க்கட்டிக்காக மாத்திரை எடுப்பவள், அந்த ஊசியைக் கல்யாணத்துக்குமுன் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். ‘பொண்ணு பாக்க வர்றதுக்குள்ள பத்து கிலோ கொறையணும்னு அம்மா சொல்றாங்க மேடம்.’ நீர்க்கட்டிக்கு என்று அந்த ஊசிக்கு அனுமதி இல்லை என்றேன். கல்யாணமான உடனே பிள்ளை எதிர்பார்ப்பார்களே, இரண்டு மாத இடைவெளியை யாரிடம் போய்ச் சொல்வாய் என்றும் கேட்டேன். அவள் அதுவரை அப்படி யோசித்திருக்கவில்லை. அம்மாவும் யோசித்திருக்க மாட்டார்.

தமிழ்நாட்டு அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2009இல் தொடங்கியது. இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை தருகிறது. அந்தப் பணம் மருத்துவமனையில் படுத்தால்தான். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் போனால் உண்டு, இதயக் குழாய் அடைத்து ஸ்டென்ட் வைத்தால் உண்டு. தினசரி விழுங்கும் மாத்திரை அதன் கணக்கில் வராது. இங்கும் உடல் முதலில் இடிந்து விழுந்தாக வேண்டும். ஆனால் மாத்திரைக்கு நம்மிடம் வேறு வழி இருக்கிறது, அதை அமெரிக்காவோடு ஒப்பிடும்போது சொல்லாமல் விடக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மெட்ஃபார்மின் இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. கொண்டுவருகிறவர்கள் பெண்கள். அவர்களை ஊழியர் என்று சொல்வதில்லை, தன்னார்வலர் என்கிறார்கள். சம்பளம் என்று சொல்வதில்லை, ஊக்கத்தொகை என்கிறார்கள். (இந்த இரண்டு சொல்லுக்கும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.)

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள் அல்லது உடல்பருமன் உள்ளவர்கள், ஆண்களில் 37. ரேஷன் அரிசியும் உட்கார்ந்த வேலையும் இரவு மிச்சத்தை வீணாக்காமல் தின்று தீர்க்கும் அம்மாவும் இந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். நாளைக்கு மலிவான ஊசி வரும்போது அது எந்தத் திட்டத்தில், யாருக்கு, எந்தச் சொல்லின் கீழ் சேர்க்கப்படும் என்று இங்கும் ஒரு பட்டியல் எழுதப்படும். அந்த மேசையில் உட்காரப் போகிறவர்களிடம் ஊசியைப் பற்றிப் பேசுவதற்குமுன் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரை பார்ப்பதை இந்தியாவில் முதலில் கட்டாயமாக்கிய மாநிலம் இது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி எண் இருக்கிறது. யாருக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை வந்தது என்று பெயரோடு அரசுக்குத் தெரியும். பிரசவமான ஆறாவது வாரம் அவளுக்கு மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும் என்று வழிகாட்டுதலும் இருக்கிறது. அந்த ஆறாவது வாரத்தில் அவள் அம்மா வீட்டில் இருப்பாள். பதிவோ கணவன் வீட்டு ஊரில் இருக்கும். ஆனால் அதே வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி. எந்த ஊராக இருந்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் சுகாதார நிலையத்துக்கு வந்துவிடுகிறாள். குழந்தையின் எடையைப் பார்த்து அட்டையில் எழுதுகிறார்கள். அங்கேயே அவளுக்கும் ஒரு டம்ளர் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார ஒரு பெஞ்சு போட்டால் போதும்.